பொட்டு மறைத்த முள்

அனுப்புநர்:
மு. மதிவதனி (வயது 17),
த/பெ. முனிரத்தினம்,
பன்னிரண்டாம் வகுப்பு மாணவி,
ஏரிக்கரைத் தெரு, பிள்ளைப்பாக்கம்,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
தொழிற்சாலைகள் ஆய்வாளர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: பிள்ளைப்பாக்கம் ஜெகஜோதி ஸ்டீல் பீரோ ஒர்க்ஸ் – பாதுகாப்பு வால்வு இல்லாமல் ஓடும் கம்ப்ரசர் – காற்றுத் தொட்டி வெடிக்கும் அபாயம் – டிசம்பர் 22ஆம் தேதிக்குள் நேரில் வந்து நிறுத்தக் கோருதல் – வால்வு கழற்றப்பட்டதற்கு மனுதாரரே காரணம் என ஒப்புக்கொள்ளுதல் – தொடர்பாக.

பார்வை: இல்லை. (இதுவரை யாருடைய பார்வையும் படவில்லை என்பதே புகார்.)

மதிப்பிற்குரிய ஐயா,

என்னைப் பற்றி எங்கள் ஊரில் தாங்கள் யாரை விசாரித்தாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகுதான் பதில் சொல்வார்கள். தலைமையாசிரியர் நாற்காலி மெத்தைக்கு அடியில் சைக்கிள் ஹாரனின் ரப்பர் உருண்டையை வைத்தது நான்தான். எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்குள் ரப்பர் தேளைப் போட்டதும் நான்தான். ஆகவே இந்த மனுவையும் அந்த வரிசையில் சேர்த்து ஓரமாக வைத்துவிட வாய்ப்பு உண்டு. அப்படி நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே பெயர், வயது, தெரு எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கீழே எங்காவது விளையாட்டுத்தனம் தென்பட்டால் அது என் பேனாவின் பழக்கம். செய்தியில் விளையாட்டு இல்லை.

1. மேற்படி பட்டறை எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, சாலையின் அந்தப் பக்கம் உள்ளது. நான்கு வருடம் முன்பு வரை வேர்க்கடலைக் கொல்லையாக இருந்த இடம். உரிமையாளர் திரு. ஜெகநாதன். வேலையை நடத்துபவர் மேஸ்திரி திரு. சுப்பராயன். வேலை செய்வோர் இருபத்திரண்டு பேர். அதில் பதினான்கு பேர் எங்கள் ஊரிலிருந்தும் வல்லத்திலிருந்தும் வரும் பெண்கள். அவர்களில் ஒருவர் என் உடன்பிறந்த அக்கா செந்தாமரை, வயது 23. தகட்டில் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது அவர் வேலை. தை மாத முகூர்த்தங்களுக்குச் சீர் பீரோ அனுப்ப வேண்டியிருப்பதால் கார்த்திகை பிறந்ததிலிருந்து மாலை ஏழு மணி வரை ஓ.டி. நடக்கிறது.

2. பட்டறையின் உயிர் அங்குள்ள கம்ப்ரசர். பெயிண்ட் அடிக்கும் கன், திருகு முடுக்கும் மிஷின், தூசு ஊதும் குழாய், வாசலில் நிற்கும் வண்டியின் டயர் எல்லாவற்றுக்கும் காற்று அங்கிருந்துதான் போகிறது. பின்பக்கக் கொட்டகையில், படுத்த எருமை அளவுக்கு ஓர் இரும்புத் தொட்டி. அதன் முதுகின் மேல் மோட்டாரும் கம்ப்ரசரும். சென்னையில் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி வந்தது. அதில் அடித்துள்ள பித்தளைத் தகட்டில், தாங்கக்கூடிய அதிகபட்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டு என்றும், கடைசியாகச் சோதித்த வருடம் 1983 என்றும் வெட்டியிருக்கிறது. 1983இல் நான் நான்காம் வகுப்பு. அதற்குப் பிறகு நான் எட்டுப் பரீட்சை எழுதிவிட்டேன். தொட்டி ஒன்றுகூட எழுதவில்லை.

3. காற்றை அழுத்தினால் என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எனக்குத் தெரியும் என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகவே இந்தப் பத்தி. சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால் கைப்பிடி பாதி வரை இறங்கும். அதற்குமேல் கை நோகும். பம்பின் அடி சுடும். பிடியை விட்டால் கைப்பிடி தானே எழுந்து வரும். நாம் கொடுத்த பலத்தைக் காற்று தின்று தீர்ப்பதில்லை. பத்திரமாக வைத்துக்கொண்டு, வழி கிடைத்ததும் ஒரே மூச்சில் திருப்பித் தருகிறது. பம்புக் குழாயில் உருளைக்கிழங்குத் துண்டை அடைத்து நான் செய்த துப்பாக்கி பள்ளிக்கூட ஓடு ஒன்றை உடைத்திருக்கிறது (அதற்கான தண்டனையை அப்போதே அனுபவித்துவிட்டேன்). தண்ணீர் நிரம்பிய புட்டி கீழே விழுந்தால் உடையும், தரை நனையும். கோலி சோடா விழுந்தால் கண்ணாடி பறக்கும். அடைத்து வைத்தால் தண்ணீர் சும்மா கிடக்கும்; காற்று காத்துக் கிடக்கும். ஒரு பம்பளவு காற்றுக்கே இப்படி என்றால், எருமை அளவு தொட்டியில் எட்டு மடங்கு பத்து மடங்கு நெருக்கி அடைத்த காற்று எதற்காகக் காத்துக் கிடக்கிறது என்று யோசித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று. காற்றை நெருக்கும்போது அதிலுள்ள ஈரம் பிழிபட்டுத் தொட்டியின் அடியில் தண்ணீராகத் தேங்குகிறது. மழைக்காலத்தில் இன்னும் அதிகம். அதைத் தினமும் திறந்துவிடாவிட்டால் தொட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

4. அப்படிப்பட்ட தொட்டிக்கு மூன்று காவல் இருந்தன. அழுத்தம் போதுமான அளவுக்கு ஏறியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்று. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் வட்ட மீட்டர் ஒன்று. அதில் 120க்கு நேராகச் சிவப்புக் கோடு. ஸ்விட்சும் ஏமாற்றி, மனிதரும் கவனிக்காமல் போனால், தானே வாய் திறந்து, அதிகக் காற்றை வெளியே விட்டு, ஊரைக் கூட்டும்படி கத்தும் பாதுகாப்பு வால்வு ஒன்று. இன்று மூன்றும் இல்லை. மூன்றும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு நல்ல எண்ணத்தில் போயின. முதலில் போனது வால்வு. அதைப் போகச் செய்தவள் நான்.

5. ஒப்புதல் வாக்குமூலம்:

பட்டறையில் சாப்பாட்டு நேரம் ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை. ஆனால் மேஸ்திரியின் சுவர்க் கடிகாரம் காலையில் ஒழுங்காக ஓடி, சாப்பாட்டு வேளையில் மட்டும் பத்து நிமிடம் முந்திவிடும். சனிக்கிழமைகளில் அக்காவுக்குச் சோறு கொண்டுபோகும் நான், பாதிச் சோற்றோடு அவர் டப்பாவை மூடுவதைப் பார்த்தேன். பத்து நிமிடத்தை எங்கிருந்தாவது திருடித் தர வேண்டும் என்று தோன்றியது. பாதுகாப்பு வால்வின் தலையில், சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு வளையம் இருக்கும். அதை இழுத்தால் வால்வு திறந்து கத்தும். ஏரியில் மீன் பிடிப்பவர்களிடம் வாங்கிய நைலான் நரம்பை வளையத்தில் கோத்து, கொட்டகையின் பின்சுவர் வழியாக வெளியே எடுத்து, வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று இழுத்தேன்.

சத்தம் பிள்ளைப்பாக்கம் முழுக்கக் கேட்டது. மேஸ்திரி, “எல்லாம் வெளிய வா! டேங்கு வெடிக்கப் போவுது, வெளிய வா!” என்று தொண்டை கிழியக் கத்தினார். எல்லோரும் சாலையைத் தாண்டிப் புளியமரத்தடிக்கு ஓடினார்கள். அவர் மட்டும் உள்ளே போய் மீட்டரைப் பார்த்து, முள் ஒழுங்காக நிற்பதைக் கண்டு குழம்பி, பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டார். அவர் உள்ளே போனதை நான் அன்று வேடிக்கையாகப் பார்த்தேன். உண்மையில் வெடித்திருந்தால் முதலில் போயிருப்பவர் அவர் என்பது இப்போது தெரிகிறது.

ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 31 வரை, ஏழு சனிக்கிழமைகளில் இவ்வாறு செய்தேன். முதல் வாரம் உயிர்ப்பயத்தில் ஓடினார்கள். இரண்டாம் வாரம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மூன்றாம் வாரம் ஊறுகாயையும் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அதற்குள் இது யார் வேலை என்று பெண்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பட்டி பூசும் செல்லம்மாள் அக்கா என்னிடம், “மதி, அடுத்த சனிக்கிழம எங்க வூட்டுல மீன் கொழம்பு. முள்ளு எடுக்கவே நேரம் ஆவும். கொஞ்சம் நீட்டி ஊதும்மா” என்று கேட்டுக்கொண்டார். நீட்டி ஊதினேன். அந்தச் சத்தம் கேட்டால் சிரிக்க வேண்டும் என்று இருபத்திரண்டு பேருக்கும் நானே பழக்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 31 அன்று வேகமாக இழுத்ததில் வளையம் கழன்று என் கைக்கே வந்துவிட்டது. வால்வு சரியாக மூடாமல் சீறிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை மேஸ்திரி, “இந்தச் சனியன் வால்வு கெட்டுப்பூட்சுடா. இன்னாத்துக்குனே தெரியாம கத்திகினு கீது” என்று சொல்லி அதைக் கழற்றினார். அந்தத் துளையை அடைக்கச் சணல் சுற்றிய ஓர் இரும்பு டம்மியை வைத்து, ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, ஏறி நின்று இறுக்கினார். புதிய வால்வு வாங்கப்படவில்லை. பழைய வால்வு முதலாளி மேஜையில், ஃபேன் காற்றுக்குப் பில் பறக்காமல் இருக்க வைக்கப்பட்டுள்ளது. காற்றைக் காக்க வேண்டியது காகிதத்தைக் காக்கிறது.

6. இரண்டாவதாகப் போனது மீட்டர். கடந்த ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினையும் துடைத்து, கழுவி, பெயிண்ட் அடித்தார்கள். தொட்டிக்கு அலுமினியப் பெயிண்ட் இரண்டு கோட்டு. அடியில் தண்ணீர் திறந்துவிடும் சிறிய குழாய்க்கும் சேர்த்து அடித்ததில், அது இறுகிப் போய் அன்றிலிருந்து திறக்கப்படவில்லை. முன்பெல்லாம் அதைத் திறந்தால் டீ நிறத்தில் தண்ணீர் வரும். இப்போது அந்த டீ முழுவதும் உள்ளேயே ஆறிக்கொண்டிருக்கிறது. குழாயைச் சுற்றிப் புதுப் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது.

பெயிண்ட் முடிந்ததும் பொட்டு. மிஷினுக்கு முகம் எது என்று ஒரு பேச்சு வந்து, எது வட்டமோ அதுதான் முகம் என்று முடிவாகி, மீட்டர் கண்ணாடியின் மேல் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தார்கள். பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாகத்தான் உதிர வேண்டும் என்பது பட்டறை வழக்கம். சீக்கிரம் உதிர்ந்தால் அபசகுனம் என்று நினைத்த பெயிண்டர் ரகு, சந்தனத்தில் கொஞ்சம் வார்னிஷைக் கலந்து குழைத்தார். ஆகவே அது உதிரவில்லை. அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் உதிராது. முள் நூறு வரை ஏறுவது தெரியும். நூறைத் தாண்டினால் பொட்டுக்குப் பின்னால் போய்விடும். சிவப்புக் கோடும் அங்கேதான் இருக்கிறது. அங்கே போன முள் எங்கே நிற்கிறது என்பது கடவுளுக்கே வெளிச்சம். தினமும் காலையில் எல்லோரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.

7. மூன்றாவதாகப் போனது ஸ்விட்ச். தை ஆர்டருக்காக இரண்டாவது கன் மாட்டினார்கள். ஒரே தொட்டியில் இரண்டு கன் இழுத்ததால் காற்று போதவில்லை. மோட்டார் இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று மேஸ்திரி ஸ்விட்சின் திருகை இரண்டு சுற்று முடுக்கினார். அதிலிருந்து ஸ்விட்ச் சில நேரம் நிறுத்துகிறது. சில நேரம் உள்ளே கருகி ஒட்டிக்கொண்டு நிறுத்த மறுக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் இந்த மனுவை எழுத நான் உயிரோடிருப்பதற்குக் காரணம் ஒரே ஒருவர்: கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ளும் திரு. அப்பாவு. அவருக்கு மீட்டர் தேவையில்லை. மோட்டாரின் சத்தம் கனத்து முனகத் தொடங்கியதும், எங்கே இருந்தாலும் ஓடிவந்து மெயினைக் கையால் அணைக்கிறார். “மாட்டுக்கு மூச்சு முட்டனா மேய்க்கறவனுக்குத் தெரியாதா? அது மாரிதான்” என்று சொல்வார். ஸ்விட்சின் வேலை, மீட்டரின் வேலை, வால்வின் வேலை மூன்றையும் இரண்டு மாதமாக அவருடைய இரண்டு காதுகள் செய்துவருகின்றன.

அப்பாவு அண்ணன் கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். வரும் டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, குருசாமியோடு பஸ் ஏறுகிறார். திரும்பிவர எட்டு நாள் ஆகும். அந்த எட்டு நாளும் பட்டறைக்கு விடுமுறை இல்லை. அவர் இடத்தில் யார் என்று கேட்டதற்கு மேஸ்திரி சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “ஆட்டோமேட்டிக்குதானய்யா? தானா நிக்கும். நீ சாமியப் பாரு.”

8. வாசலில் உட்கார்ந்தால் எனக்கு மோட்டார் ஓடுவதும் நிற்பதும் கேட்கும். அப்பாவின் கைக்கடிகாரத்தை வைத்துக் குறித்திருக்கிறேன். ஆகஸ்ட் மாதம் நான்கு நிமிடம் ஓடும், நிற்கும். நவம்பர் நடுவில் ஏழு நிமிடம். டிசம்பர் 2ஆம் தேதி ஒன்பது. 5ஆம் தேதி பதினொன்று. அன்று அணைத்தது ஸ்விட்ச் அல்ல, அப்பாவு அண்ணன். எந்தச் சத்தமும் இல்லாமல் முள் மட்டும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

9. தங்களிடம் வருவதற்கு முன்பு நானே சரிசெய்ய முயன்றேன் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

நவம்பர் 30 சனிக்கிழமை, அக்காவுக்குச் சோறு கொடுக்கும் சாக்கில் கொட்டகைக்குள் போய், மீட்டர் பொட்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். நூல் அகலத்துக்குக் கண்ணாடி தெரிந்தது. முள் 150ஐத் தாண்டி நின்றது. இன்னும் கீறுவதற்குள் பிடிபட்டேன். சாமி பொட்டைச் சுரண்டினேன் என்று மேஸ்திரி என்னை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தார். அன்று மாலையே கீறலின் மேல் வேறு பொட்டு வைத்துவிட்டார்கள். இம்முறை பெரிதாக.

மறுநாள் அவர் வீட்டுக்கே போய் உண்மையைச் சொன்னேன். வால்வு கெடவில்லை, கயிறு கட்டி இழுத்தது நான்தான், அடி வேண்டுமானாலும் அடியுங்கள், வால்வை மட்டும் திருப்பிப் பூட்டுங்கள் என்று கேட்டேன். சாட்சியாக வளையத்தையும் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது சாவிக்கொத்து வளையம். செவுத்துக்கு அந்தாண்ட நின்னு வால்வ இழுத்தியா நீ? போம்மே, போயி படிக்கற வேலயப் பாரு” என்றார். நான் சொன்ன பொய்களையெல்லாம் நம்பிய ஊர், சொன்ன ஒரே உண்மையை நம்பவில்லை. தப்பு ஊர் மேல் இல்லை.

செல்லம்மாள் அக்காவிடமும் மற்றவர்களிடமும் சொன்னேன். மனுவில் கையெழுத்துக் கேட்டேன். சிரித்தார்கள். “இப்ப ஓ.டி. வேற கீது மதி. பத்து நிமிஷம் பத்தாது, அரை மணியா வாங்கிக் குடு” என்றார்கள். ஆகவே இந்த மனுவில் ஒரே ஒரு கையெழுத்துதான்.

10. என் அக்காவைப் பற்றி ஒரு பத்தி எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். அவருக்கு வரும் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு மணிமங்கலம். அவருடைய சீர் பீரோ இதே பட்டறையில்தான் தயாராகிறது. கிளிப்பச்சை நிறம், கதவில் ஆளுயரக் கண்ணாடி. அதை வேறு யாரும் தொடக் கூடாது, நானே தேய்ப்பேன் என்று ஓ.டி. நேரத்தில் அவரே உட்கார்ந்து தேய்க்கிறார். பீரோ நிற்கும் இடம் தேய்ப்பு அறையின் பின்சுவர். சுவர் ஒற்றைச் செங்கல். சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு முழத்தில், தொட்டி.

இடம் மாறி உட்காரச் சொல்லி மன்றாடினேன். “ஏன்டி, அங்கயும் தேள் வெச்சிருக்கியா?” என்று கேட்டார். பிறகு சொன்னது இது: “செவுரு கதகதன்னு கீதுடி. மழைக்கு முதுவு சாஞ்சுகினா அவ்ளோ சொகமா கீது.” அந்தச் சூடு எதனால் என்று பம்பின் அடியைத் தொட்டவளுக்குத் தெரியும். அக்கா மட்டும் அல்ல. மழை பெய்யும் மாலைகளில் ஐந்தாறு பேர் அந்தச் சுவரில் வரிசையாக முதுகைச் சாய்த்துக்கொண்டு டீ குடிக்கிறார்கள்.

11. இதோடு சேர்த்து ஒன்று. வேலை முடிந்ததும் தூசு போக உடம்பின் மேல் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொள்வதும், பையன்கள் ஒருவரையொருவர் குழாயால் துரத்துவதும் அங்கே தினசரி நடக்கிறது. அந்த அழுத்தத்தில் வரும் காற்று தோலைக் கிழித்து உள்ளே போகும், குடலைக் கிழிக்கும் என்று நூலகப் புத்தகத்தில் படித்தேன். குறும்புக்காரியான நானே கை வைக்காத குறும்பு அது. தாங்கள் வரும்போது அதையும் கண்டிக்க வேண்டுகிறேன்.

12. ஆகவே, தொழிற்சாலைகள் சட்டம் பிரிவு 31இல் அழுத்தக் கலங்களைப் பற்றிச் சொல்லியிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள் என்ற நம்பிக்கையில் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

டிசம்பர் 22க்கு முன் ஒரு வேலை நாளில், முன்கூட்டித் தெரிவிக்காமல் வர வேண்டும். வந்ததும் முதல் காரியமாக மெயினை அணைக்கச் சொல்லி, தொட்டியின் காற்றை மெதுவாக இறக்கிவிட்டு, அதன் பிறகே அருகில் போக வேண்டும். தயவுசெய்து இந்த வரிசையை மாற்ற வேண்டாம். டம்மியை எடுத்துவிட்டுப் புது வால்வு பூட்டும் வரை, தொட்டியில் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கும் வரை, கம்ப்ரசர் ஓடக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிட வேண்டும். காற்றை வைத்துச் சோதிக்கிறோம் என்று யாராவது சொன்னால் அனுமதிக்க வேண்டாம். காரணம் 3ஆம் பத்தியில் உள்ளது. பட்டறையை ஒரேயடியாக மூடிவிட வேண்டாம். இருபத்திரண்டு வீட்டு அடுப்பு அதில் எரிகிறது. எங்கள் வீட்டு அடுப்பும் அதில் ஒன்று.

ஏழு முறை பொய்யாக அபாயம் அறிவித்ததற்கு எனக்கு என்ன தண்டனை உண்டோ அதை ஏற்கிறேன். ஆனால் தண்டனைக்கான விசாரணை முதலிலும் தொட்டிக்கான விசாரணை பிறகும் என்று வைத்துவிடாமல், முதலில் தொட்டியைப் பார்க்க வேண்டுகிறேன். நான் எங்கேயும் ஓடிப்போக மாட்டேன். தொட்டி போய்விடலாம்.

இணைப்பு: வால்வின் வளையம் ஒன்று, கட்டிய நரம்போடு. (சாவிக்கொத்து வளையம் அல்ல. முதலாளி மேஜையிலுள்ள வால்வின் தலையில் வைத்துப் பார்த்தால் பொருந்தும்.) மோட்டார் ஓடிய நேரங்களைக் குறித்த தாள் ஒன்று. கொட்டகை, சுவர், பீரோ நிற்கும் இடம் ஆகியவற்றின் கைவரைபடம் ஒன்று.

ஐயா, தாங்கள் வரும் நாளில் பட்டறையில் எந்தச் சீறலும் கேட்காது. தொட்டி புதுப் பெயிண்டில் பளபளவென்று, பொட்டும் பூவுமாக மங்களகரமாக இருக்கும். மேஸ்திரி, மூன்று மாதமாக ஒரு சத்தமும் இல்லை, மிஷின் சமர்த்தாக ஓடுகிறது என்று சொல்வார். அதைக் கேட்டுத் திரும்பிவிட வேண்டாம். அந்த அமைதிதான் என் புகார். கத்த வேண்டிய வால்வின் வாயை அடைத்தவள் நான்; அதற்குப் பதிலாக என்னால் கத்த முடிந்த இடம் இந்தத் தாள் ஒன்றுதான்.

இடம்: பிள்ளைப்பாக்கம்
நாள்: 9.12.1991, திங்கள்

என்றும் உண்மையுள்ள என்று எழுதத் தகுதியில்லாத,
இம்மனுவில் மட்டும் முழு உண்மையுள்ள,
மு. மதிவதனி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மணி மாலை 5.52. மழை தூறுகிறது. மோட்டார் 5.38க்குத் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. சத்தம் கனக்கிறது. இந்நேரம் அக்கா சுவரில் சாய்ந்திருப்பார்.

5.54. நின்றது. அப்பாவு அண்ணன் கொட்டகையிலிருந்து பட்டறை வாசலுக்கு வந்து, கழுத்து மாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மழையிலேயே நின்று முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது.